ஐம்பது ஆம்பியர்

“டுவைட்! ஏசியை அணை, டோஸ்டர் போடப்போறேன்!”

“அணைச்சாச்சு மகாராணி! ரொட்டியைக் கருக்காம எடு!”

“கருகினா அதையும் நீதான் திங்கப்போறே!”

நோரீன் டோஸ்டரை அழுத்தினாள். அவர்கள் குடியிருந்த மோட்டார் ஹோம் வண்டிக்குள் எல்லாம் ஒரே நொடியில் அடங்கிப்போயிற்று. டுவைட் காபி மெஷினைப் போட்டிருந்ததைச் சொல்லவில்லை. வெந்நீர் ஹீட்டரும் ஓடிக்கொண்டிருந்திருக்கிறது. வண்டிக்கு வரும் முப்பது ஆம்பியர் மின்சாரம் எத்தனையைத்தான் தாங்கும்?

“வாயில என்ன கொழுக்கட்டையா வெச்சிருந்தே? காபி போட்டிருக்கேன்னு சொன்னா என்ன?”

“நீ கத்துற கத்துல என் குரல் எங்க கேக்குது?” டுவைட் சிரித்தபடியே செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே இருந்த மின்பெட்டிக்கு இறங்கினார்.

பாலைவன ஊரான யூமாவின் மார்ச் வெயில் கதவு வழியே உள்ளே பாய்ந்தது. நோரீன் ஜன்னல் திரையை விலக்கிப் பார்த்தாள். பக்கத்து இடத்தில் அந்தப் பெரிய வண்டி, ஐம்பது ஆம்பியர் இழுப்பது. கூரையில் இரண்டு ஏசியும் ஒன்றாக ஓடிக்கொண்டிருந்தன. வெளியே நிழலில் இரண்டு மடக்கு நாற்காலிகள். ஒன்றில் அந்த வண்டிக்காரி அடெல் உட்கார்ந்து புத்தகம் படித்துக்கொண்டிருந்தாள். பத்து நாளாக அந்த வண்டியிலிருந்து ஒரு சத்தம் வந்ததில்லை.

இந்த வண்டி முகாமுக்குப் புதிதாக யார் வந்தாலும் நோரீன் மஃபின் சுட்டு எடுத்துக்கொண்டு போவாள். அடெலுக்கு மட்டும் கொண்டுபோகவில்லை. பெயரைக்கூட முகாம் ஆபீசில் கேட்டுத்தான் தெரிந்துகொண்டாள். டுவைட் மின்சாரத்தை மீட்டுவிட்டு உள்ளே வந்ததும் பிடித்துக்கொண்டாள்.

“பாத்தியா டுவைட், அவ வந்த அன்னிக்கு? ஒத்தையா ரிவர்ஸ் எடுத்தா. இறங்கிப் பாத்து, ஏறி, கொஞ்சம் திருப்பி, மறுபடி இறங்கிப் பாத்து... அவ புருஷன் பின்னாடி வந்து நின்னு கையைக்கூட ஆட்டல. பொண்டாட்டி மேல அவ்ளோ நம்பிக்கை! நீயா இருந்தா, ‘இடது! இடதுன்னா எது தெரியுமா?’ன்னு ஊரையே கூட்டியிருப்பே.”

“போன வருஷம் நீ விளக்குக் கம்பத்தை இடிச்சது எந்தப் பக்கம்?”

“பேச்சை மாத்தாதே. எனக்கும் ஐம்பது ஆம்பியர் வேணும்.”

டுவைட் நெப்ராஸ்காவில் மின்கம்பம் ஏறியே தலை நரைத்தவர். வேலை தெரியாமல் இல்லை. “சேத்து வெச்ச காசை இதுல போட்டா கோடைக்கு அலாஸ்கா பயணம் கிடையாது. எது வேணும், நீயே சொல்லு.”

“அலாஸ்கா அங்கேயேதான் இருக்கும். ஓடியா போயிடும்?”

அந்த வாரம் முழுக்க டுவைட்டின் கால்கள் மட்டும்தான் கண்ணில் பட்டன. உடம்பு கட்டிலுக்கு அடியில் கிடந்தது. பழைய பிரேக்கர் பெட்டியைக் கழற்றிப் புதிதாக ஒன்றைப் பொருத்தினார். வண்டியின் பக்கவாட்டில் ஓட்டையைப் பெரிதாக்கிப் புதிய பிளக்கை வைத்தார். பழைய கேபிள் விரல் தடிமன் இருந்தது. புதியது மணிக்கட்டளவு இருந்தது.

“மலைப்பாம்பு மாதிரி இருக்கு. இதைத் தூக்கி மாட்டவே ஒரு ஆள் வெக்கணும்” என்றார் மூச்சு வாங்க.

“மாட்டு, மாட்டு. அவ பாக்கட்டும்.”

மாட்டியதும் நோரீன் ஒன்றையும் விட்டுவைக்கவில்லை. இரண்டு ஏசி, மைக்ரோவேவ், டோஸ்டர், தலை உலர்த்தும் மெஷின் என்று எல்லாவற்றையும் ஒன்றாகப் போட்டாள். ஒன்றும் அணையவில்லை. ஓடிப்போய் ஜன்னல் வழியே பார்த்தாள். அடெல் புத்தகத்திலிருந்து தலையைத் தூக்கி இவர்கள் வண்டியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். நோரீனுக்கு வயிறு குளிர்ந்தது.

அன்று மாலையே டுவைட் டிவியைப் பின்னறைக்குத் தூக்கிக்கொண்டு போனார். அங்கே அவருக்கென்று ஓர் ஏசி. குளிர் போகாமலிருக்கக் கதவையும் சாத்திக்கொண்டார். முன்னறையில் நோரீனுக்கு அவள் ஏசி. காபி வேண்டுமென்றால் அவர் போட்டுக்கொண்டார், ரொட்டி வேண்டுமென்றால் இவள் சுட்டுக்கொண்டாள். யாரும் யாரையும் எதையும் கேட்க வேண்டியிருக்கவில்லை.

இரண்டு நாள் அப்படியே போயிற்று. அந்த வண்டி மாதிரியே நம்முடையதும் ஆகிவிட்டது என்று நோரீன் நினைத்துக்கொண்டாள்.

கதவு தட்டும் சத்தம் கேட்டது. திறந்தால் அடெல். காலில் செருப்பில்லை. முகம் வெளுத்திருந்தது.

“தப்பா நினைக்காதீங்க. உங்க வீட்டுக்காரர்... நல்லா இருக்காரா?”

“அவருக்கென்ன? பின்னாடி ஏசியில குறட்டை விட்டுட்டு இருக்கார்.”

அடெல் நீளமாக மூச்சு விட்டாள். படியின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டாள். “ரெண்டு நாளா உங்க சத்தமே கேக்கல. தட்டலாமா வேண்டாமான்னு காலையிலேர்ந்து தவிச்சுட்டு இருந்தேன்.”

நோரீனுக்குப் பெருமை தாங்கவில்லை. “எங்களுக்கும் ஐம்பது ஆம்பியர் வந்தாச்சு இல்ல! இனிமே எதுக்குக் கத்தணும்? உங்க வீட்டுல புருஷன் பொண்டாட்டி ஒரு வார்த்தை உரக்கப் பேசி நான் கேட்டதில்லையே. கொடுத்து வெச்சவங்க நீங்க.”

அடெல் அவளை நிமிர்ந்து பார்த்தாள்.

“எங்க வண்டியிலயும் திடீர்னு இப்படித்தாங்க சத்தம் நின்னுச்சு, அவரு கண்ணை மூடின அன்னிக்கு.”