இன்னும் ஒண்ணு, மிஸ்

“மேடம், முன்னாடி வந்து உக்காருங்களேன். ஃபேன் காத்து நல்லா வரும்.”

“வேண்டாம்.”

“தண்ணி கொண்டுவரச் சொல்லட்டுமா?”

“பரவால்ல.”

“அப்ப ஆரம்பிக்கட்டுமா மேடம்?”

“ம்.”

வாயைத் திறந்தால் முத்து உதிர்ந்துவிடுமா என்று பள்ளி நர்ஸ் மனதுக்குள் முணுமுணுத்துக்கொண்டாள். நேற்று இதே தலைமையாசிரியை ஆசிரியர் அறையில் மூச்சுவிடாமல் பொரிந்து தள்ளியிருந்தார். “பிள்ளைங்க படிக்க வர்றாங்களா, வைத்தியம் பாக்க வர்றாங்களா? நாளைக்கு நானே வந்து பாக்கறேன். உருப்படியா இருந்தா நடத்துங்க. இல்லேன்னா அதோட மூட்டை கட்டிடுங்க.”

சொன்னபடியே வந்துவிட்டார். புதிதாகப் பெயிண்ட் அடித்த நாற்றம் இன்னும் போகாத படிக்கட்டில் மூன்று மாடி ஏறி வந்து, கடைசி பெஞ்சில் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். முகம் இறுகிக் கிடந்தது. தீர்ப்பை எழுதி முடித்துவிட்டுத்தான் படியேறியிருக்கிறார் என்று நர்ஸுக்குத் தோன்றியது.

ஆனால் இந்த முதலுதவி வகுப்பைக் கைவிட அவளுக்கு மனம் வரவில்லை. போன வருடம் மைதானத்தில் ஒரு பையனுக்கு ஆஸ்துமா வந்து மூச்சு முட்டியபோது, கூட விளையாடிய பிள்ளைகள் அவனை மல்லாக்கப் படுக்கவைத்து முகத்தில் தண்ணீர் அடித்துக்கொண்டிருந்தார்கள். நல்ல எண்ணத்தில்தான் செய்தார்கள். அவள் போய்ச் சேருவதற்குள் பையனின் உதடு நிறம் மாறிவிட்டது. அவன் பிழைத்துக்கொண்டான். அவளுக்குத்தான் இன்னும் அந்தப் பயம் தெளியவில்லை.

“சரி பிள்ளைங்களா, ஒருத்தருக்கு ஆஸ்துமா வந்தா முதல்ல என்ன செய்யணும்?”

“நேரா உக்காரவைக்கணும் மிஸ். படுக்கவைக்கக் கூடாது.”

“அப்புறம்?”

“கூட்டம் போடக் கூடாது. ஒருத்தர் ஓடிப்போய்ப் பெரியவங்களைக் கூட்டிட்டு வரணும்.”

முன்பல் விழுந்த பையன் ஒருவன் கையைத் தூக்கிக்கொண்டே எழுந்தான். “அவங்க இன்ஹேலரைக் குலுக்கி, குழாயில மாட்டி, ஒவ்வொரு தடவையா அழுத்தணும் மிஸ். அழுத்தினதும் மெதுவா மூச்சை இழுத்து விடச் சொல்லணும்.”

“சபாஷ். இந்தா, நீயே வச்சுக்க.” பிளாஸ்டிக் குழாயை அவனிடம் கொடுத்துவிட்டு நர்ஸ் ஓரக்கண்ணால் கடைசி பெஞ்சைப் பார்த்தாள். ஒரு தலையாட்டல்கூட இல்லை.

“ஆஸ்துமாதான்னு எப்படிக் கண்டுபிடிப்பீங்க?”

“இருமுவாங்க.”

“நெஞ்சுல விசில் சத்தம் கேக்கும்.”

“இன்னும் ஒண்ணு இருக்கு மிஸ்,” என்று நடுவரிசையிலிருந்து ஒருத்தி எழுந்தாள். வகுப்பில் அவளுக்கு ரேடியோ என்று பெயர். போட்டுவிட்டால் லேசில் நிற்காது.

“போதும், உக்காரு. நேரமாகுது.”

“இல்ல மிஸ், அது வந்து...”

“உக்காருன்னு சொன்னேன்ல?”

ரேடியோ உதட்டைப் பிதுக்கிக்கொண்டு உட்கார்ந்தாள். ஆனால் முன்னால் பார்க்கவில்லை. பின்னால் திரும்பி எதையோ பார்த்துக்கொண்டிருந்தாள்.

“இப்ப எனக்கே ஆஸ்துமா வந்த மாதிரி நடிக்கப்போறேன். எதுவும் சொல்லித்தர மாட்டேன். என்ன செய்யணுமோ நீங்களே செய்யுங்க.”

சொல்லிவிட்டு நர்ஸ் நெஞ்சைப் பிடித்தாள். இருமினாள். “ஐயோ, மூச்சு விட முடியலையே” என்று முனகிக்கொண்டே மேசையோரமாகச் சரிந்து தரையில் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டாள்.

முதலில் சிரிப்பு கேட்டது. பிறகு ரேடியோ ஏதோ கிசுகிசுத்தாள். அதன்பின் சிரிப்பும் அடங்கிவிட்டது. இதோ வந்துவிடுவார்கள் என்று நர்ஸ் காத்திருந்தாள். ஒருவரும் வரவில்லை.

ஒரு கண்ணை மட்டும் திறந்து பார்த்தாள். மேசைக்கு அந்தப் பக்கம் எல்லாம் முதுகுகளாகவே தெரிந்தன. யாரோ பெஞ்சை இழுத்தார்கள். ஜன்னல் கதவு படார் என்று திறந்தது. ஒருவன் வகுப்பை விட்டே வெளியே ஓடினான். மேடம் உட்கார்ந்திருக்கும்போதே இப்படியா என்று நர்ஸ் நொந்துகொண்டாள்.

தொண்டை கட்டிக்கொள்கிற அளவுக்கு இன்னும் பலமாக இருமினாள். நாடகக் கம்பெனியில் சேர்ந்திருந்தால் பேர் வாங்கியிருப்பாள். இங்கே ஒரு வாண்டுகூடத் திரும்பிப் பார்க்கவில்லை.

“மிஸ், கொஞ்சம் சத்தம் போடாம இருங்களேன்,” என்றாள் ரேடியோ.

மானம் கப்பலேறிவிட்டது. இனி நடித்து என்ன ஆகப்போகிறது? நர்ஸ் புடவையைத் தட்டிக்கொண்டு எழுந்தாள். விடுவிடுவென்று கடைசி பெஞ்சை நோக்கி நடந்தாள்.

“என்ன நடக்குது இங்க? அங்க நான் மூச்சு முட்டிக் கிடக்கேன், நீங்க எல்லாரும்...”

பிள்ளைகள் விலகி வழிவிட்டார்கள்.

தலைமையாசிரியை பெஞ்சில் நேராக உட்கார்ந்து, இரண்டு கைகளையும் முழங்காலில் ஊன்றியிருந்தார். கைப்பை திறந்து கிடந்தது. அதிலிருந்து எடுத்த அவருடைய சொந்த இன்ஹேலர் பிளாஸ்டிக் குழாயில் மாட்டப்பட்டிருந்தது. முன்பல் விழுந்த பையன் அதை அவர் வாயருகே பிடித்துக்கொண்டு, “மெதுவா இழுங்க மேடம். அவசரமே இல்லை. இப்ப விடுங்க,” என்று சொல்லிக்கொண்டிருந்தான். வெளுத்திருந்த அவர் முகம் கொஞ்சம் கொஞ்சமாகத் தெளிந்துகொண்டு வந்தது.

“இதைத்தான் மிஸ் நான் அப்பவே சொல்ல வந்தேன், நீங்கதான் உக்காருன்னுட்டீங்க,” என்றாள் ரேடியோ. “நிஜமா முடியாதவங்க நீங்க நடிச்ச மாதிரி சத்தம் போட மாட்டாங்க, ஒரு வார்த்தைக்கு மேல அவங்களால பேசவே முடியாதுன்னு போன வாரம் சொன்னீங்கல்ல? மேடம் உள்ள வந்ததுலேருந்தே அப்படித்தானே பேசினாங்க.”