பாதிக் கிளி

எம்பிராய்டரி கடையில் புதுக் கம்ப்யூட்டர் வந்து உட்கார்ந்தது. நெற்றியில் ஆயுத பூஜைக் குங்குமத்தோடு பழையது மூலைக்குப் போனது, காயலான் கடைக்காகக் காத்திருந்தது.

நாளை முகூர்த்தம். மணப்பெண்ணின் ரவிக்கைக் கையில் கிளி பாதியில் நின்றது. புதியது எவ்வளவு கூப்பிட்டும் தையல் மெஷின் அசையவில்லை.

"நீ பேசறது எனக்குப் புரியல, தம்பி. பெரியவரைக் கூப்பிடு" என்றது மெஷின்.

"அவரா? எழுந்திருக்கவே அரை நாளாகுமே!"

"ஆகட்டும், எழுந்துடுவேன்" என்றது பழையது.

கடைக்காரி வயரை மாட்டினாள். பழையது முனகியது, இருமியது, வெகுநேரம் கழித்துக் கண் திறந்தது. ஊசி இறங்கியது. கிளிக்குச் சிறகு முளைத்தது.

வாசலில் மணியடித்தது.

"பெரியவரே, காயலான் கடை வண்டி வந்திருக்கு" என்றது புதியது.

"நிக்கச் சொல்லு" என்றது பழையது, திரும்பாமல். "ரவிக்கைக்கு இன்னொரு கை இருக்கு."