சாவித்ரிக்கு ஒன்பது, பியூலாவுக்கு இரண்டு

"ரெகுலர், ஒபீடியன்ட். இவ்வளவுதானா தோத்தாத்ரி? பின்பக்கம் ஏதாவது இருக்கா பாருங்க."

டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட் தோத்தாத்ரி பேப்பரைத் திருப்பிப் பார்த்தார். பின்பக்கம் வெறும் வெள்ளை.

"அவ்வளவுதான் அசரியா சார். எத்தனை காப்பி அடிக்கணும்?"

காப்பியா! எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

என் மகள் பியூலாவும் அவள் சிநேகிதி சாவித்ரியும் எஸ்.எஸ்.எல்.சி.யில் ஒரே மார்க். காலேஜ் படிப்புக்கு ஒரு டிரஸ்ட் ஸ்காலர்ஷிப் கொடுக்கிறது, பள்ளிக்கூடத்துக்கு ஒரே ஒரு பெண். இரண்டு பேரும் மனுப் போடுகிறார்கள். மார்க் சமம் என்றால், டீச்சர் தரும் சர்டிபிகேட்தான் தீர்மானிக்கும்.

கிடைத்தால் பியூலா காலேஜ். கிடைக்காவிட்டால் வீட்டோடு இருக்கட்டும் என்று முடிவு பண்ணிவிட்டேன். மூத்தவனை இன்ஜினியரிங் சேர்த்ததிலேயே நாக்குத் தள்ளிவிட்டது. அவளிடம் இன்னும் சொல்லவில்லை.

"சாவித்ரியோடதும் இங்கேதான் வந்திருக்கு சார்," என்று தோத்தாத்ரி இன்னொரு பேப்பரை எடுத்தார். "கேளுங்க. ப்ரில்லியன்ட், எக்ஸலன்ட், ஸ்ப்ளென்டிட், சார்மிங்..."

விரல் விட்டு எண்ணினேன். ஒன்பது!

இரண்டிலும் ஒரே கையெழுத்து. மெட்டில்டா டீச்சர்.

சாவித்ரியின் அப்பா ஸ்ரீரங்கனுக்கு ராஜகீழ்ப்பாக்கத்தில் சொந்த வீடு. எனக்கோ தாம்பரத்தில் வாடகை வீடு. ஓஹோ, அப்படியா சங்கதி என்று இரண்டு பேப்பரையும் பிடுங்கிக்கொண்டு டீச்சர் வீட்டுக்குச் சைக்கிளை மிதித்தேன்.

டீச்சர் வாசலுக்கே வந்தார். "வாங்க சார், உட்காருங்க."

"உட்கார வரல டீச்சர், நியாயம் கேட்க வந்தேன். ரெகுலராம்! தாம்பரம் எலெக்ட்ரிக் டிரெயின்கூடத்தான் ரெகுலரா வருது. ஒபீடியன்ட்டாம்! நாய்க்குட்டிக்குக் கொடுக்கிற சர்டிபிகேட்டா இது? அந்தப் பொண்ணுக்கு மட்டும் ஒன்பது. இது ஓரவஞ்சனை இல்லாம என்ன?"

டீச்சர் உள்ளே போய் ஒரு நீளப் பேப்பரை எடுத்து வந்தார். சாவித்ரியின் சர்டிபிகேட்டுக்கு எழுதிய ரஃப் காப்பி. ஓரமெல்லாம் பென்சிலில் தமிழில் பொடிப்பொடியாக எழுதியிருந்தது.

"அந்த ஒன்பதும் சும்மா அள்ளித் தெளிச்சது இல்ல சார். எக்ஸலன்ட்டுன்னா லத்தீன்ல, மத்தவங்களுக்கு மேல எழும்பி நிக்கிறது. கணக்குல சாவித்ரி அப்படித்தான். சார்மிங், மந்திரப் பாட்டுங்கிற வார்த்தையிலேர்ந்து வந்தது. ப்ரேயர்ல அவ பாடினா மொத்த ஸ்கூலும் கப்சிப். இதோ, நைஸ்னு எழுதி அடிச்சிருக்கு பாருங்க. அந்தக் காலத்துல அதுக்கு ஒண்ணும் தெரியாத மண்டுன்னு அர்த்தமாம். அதனால வேண்டாம்னு..."

"போதும் டீச்சர்!" என்று கத்திவிட்டேன். "ஊரான் வீட்டுப் பொண்ணுக்கு டிக்ஷனரியைத் தலைகீழாப் புரட்டி ஆராய்ச்சி! என் பொண்ணுக்குத் தேட உங்களுக்கு ரெண்டு நிமிஷம் இல்லையா? கேட்கறேனேன்னு தப்பா நினைக்காதீங்க, ஸ்ரீரங்கன் என்ன கொடுத்தார்?"

டீச்சரின் முகம் சிவந்துவிட்டது. ஆனாலும் குரல் உயரவில்லை.

"சார், சர்டிபிகேட் கேட்டு யார் வந்தாலும் நான் சொல்றது ஒண்ணுதான். நீயே எழுதிட்டு வா, சரியா இருந்தா அதைப் பார்த்து எழுதிக் கையெழுத்துப் போடறேன்னு."

எங்கள் ஆபீசிலும் அதுதான் வழக்கம். ஆபீசர்கள் யாரும் சொந்தமாக எழுதி நான் பார்த்ததில்லை.

"அப்ப இது ஸ்ரீரங்கன் எழுதினதா? சொந்தப் பொண்ணைத் தானே இப்படிப் புகழ வெட்கமா இல்லை அவருக்கு?"

"அவரா? பொண்ணுக்குக் காலேஜ் எதுக்குன்னு கேட்கிற மனுஷன் சார் அவர்."

"பின்னே சாவித்ரியா? அவளுக்கு இவ்வளவு இங்கிலீஷ் ஏது?"

"ஓரத்துல இருக்கிற எழுத்தைப் பாருங்க சார்."

பார்த்தேன். 'ழ'வுக்குக் கீழே தேவையில்லாமல் நீளமாக இழுத்துவிட்ட வால். அதற்காகவே நூறு தடவை திட்டியிருக்கிறேன்.

பியூலா!

"பைத்தியக்காரி!" என்றேன். "தனக்குப் போட்டிக்கு நிற்கிறவளுக்கு எந்த மடச்சியாவது இப்படி எழுதிக் கொடுப்பாளா? நீங்களாவது கண்டிக்கக் கூடாதா டீச்சர்?"

"கண்டிச்சேன் சார். ஏண்டி, அவளுக்கு ஒன்பது, உனக்கு ரெண்டா, இரு, நான் நாலு வார்த்தை சேர்க்கறேன்னு பேனாவை எடுத்தேன். கையைப் பிடிச்சுக்கிட்டா. இந்த ஸ்காலர்ஷிப் கிடைச்சா சாவித்ரியோட அப்பா பெருமைக்காகவாவது காலேஜுக்கு அனுப்புவாராம். இல்லேன்னா ஆவணியில கல்யாணமாம்."

"அப்ப இவ கதி?"

"அதையும் கேட்டேன். சிரிச்சா. 'எனக்கென்ன டீச்சர், எங்கப்பா எப்படியும் என்னைப் படிக்க வெச்சுடுவார்'னா."

டீச்சர் என் முகத்தையே பார்த்தார்.

"அப்படித்தானே சார்?"