இருபது சுளை, நாலு பேர்

"எவன்யா என் புள்ளைக்கு வகுத்தல் சொல்லிக் கொடுத்தது? ஆம்பளையோ பொம்பளையோ, அந்த ஆளு இப்ப என் முன்னால வந்து நிக்கணும்!"

கிள்ளான் நகரில் ஒரு தமிழ்ப்பள்ளியின் ஆசிரியர் அறை கப்பென்று அடங்கியது. யாரோ பாதி கடித்த கறிபாப் பலகாரம் கையோடு அந்தரத்தில் நின்றது.

வாசலில் தம்புசாமி. பாசாரில் காய்கறி மொத்த வியாபாரம், ரெண்டு லோரி, நாலு தெருவுக்குக் கேட்கும் குரல். நாலாம் ஆண்டோடு பள்ளிக்கூடத்துக்கு முழுக்குப் போட்டு, மூட்டை தூக்கி முன்னுக்கு வந்தவர். கால்குலேட்டரைக் கையால் தொட்டதில்லை என்பதில் அவருக்கு ஏகப்பட்ட பெருமை. ஒரு கையில் மகள் விஷ்ணுப்ரியாவின் மணிக்கட்டு. மூன்றாம் ஆண்டு. அழுது அழுது மூக்கு சிவந்திருந்தது.

லோஜினி டீச்சர் எழுந்தார். வேலைக்கு வந்து ரெண்டு வருஷம்கூட ஆகவில்லை.

"நான்தாங்க ஐயா. உட்காருங்க."

"உட்கார வரல டீச்சர்! தொண்ணூறு எடுத்தாத்தான் கணக்குப் போட்டிக்கு அனுப்புவோம்னு சொல்லிட்டீங்க. இது எண்பத்தெட்டு எடுத்துட்டு மூணு நாளா சோறு திங்காம கிடக்கு. வகுத்தல்ல ஒரே ஒரு கேள்வி, நாலு மார்க் போச்சாம். தம்புசாமி மகளுக்கு வகுக்கத் தெரியலன்னா பாசார்ல என்னை எவன் மதிப்பான்?"

"மத்த வகுத்தல் கணக்கெல்லாம் அருமையாப் போட்டிருக்காங்க ஐயா. அந்த ஒண்ணுலதான்…"

"சரி, நாலு வேணாம். மூணு குடுங்க."

"ஐயா, இது மார்க்…"

"ரெண்டரை. பேசாம வாங்கிக்கிட்டுப் போயிடுறேன்."

"அரை மார்க்கெல்லாம் கிடையாதுங்க."

"அப்ப ரெண்டு! அதுக்குக் கீழ ஒரு பிடி இறங்க மாட்டேன் லா!"

பக்கத்து மேசை தங்கமணி டீச்சர் சிரிப்பை மறைக்க நோட்டுப் புத்தகத்துக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டார்.

"விடை தப்புன்னாலும் போட்ட வழிக்கு மார்க் உண்டுன்னு எனக்குத் தெரியும். அதுக்காச்சும் ரெண்டு போடுங்க."

"போட்ட வழிதாங்க ஐயா தப்பு."

அவ்வளவுதான். தம்புசாமிக்குக் காது நுனி வரை சூடேறியது.

"வழி தப்பா? உங்க கேள்விதான் தப்பா இருக்கும்! எடுங்க அந்தத் தாளை!"

டீச்சர் விடைத்தாள் கட்டிலிருந்து ஒரு தாளை உருவினார். பார்த்தார். மெதுவாக அதை மேசைமேல் கவிழ்த்து வைத்தார்.

"சொன்னாக் கேளுங்க ஐயா. இங்க வேணாம். வெளிய போய் நாம ரெண்டு பேரும் பேசிக்கலாம்."

"ஏன், உங்க வண்டவாளம் வெளிய வந்துருமா? இங்கதான்! எல்லார் முன்னாலயும்! கேள்வியை வாசிங்க!"

டீச்சர் பெருமூச்சு விட்டு, கேள்வித்தாளை எடுத்து வாசித்தார். "ஒரு குடும்பத்தில் அப்பா, அம்மா, இரண்டு பிள்ளைகள். அவர்களிடம் இருபது டுரியான் சுளைகள். சமமாகப் பிரித்தால் ஒருவருக்கு எத்தனை?"

"அஞ்சு!" என்று மேசையில் ஓங்கித் தட்டினார் தம்புசாமி. "என் கடைப் பூனை சொல்லும் இதுக்குப் பதிலு! ஏய் புள்ள, நீ என்ன எழுதித் தொலைச்ச? சத்தமா வாசி, எல்லாருக்கும் கேக்கட்டும்!"

விஷ்ணுப்ரியா டீச்சரைப் பார்த்தாள். டீச்சர் கூரையைப் பார்த்தார்.

மகள் தாளைத் திருப்பி, வகுப்பில் வாசிப்பதுபோல் நிமிர்ந்து நின்று வாசித்தாள்.

"அப்பா ஒன்பது. அண்ணன் ஏழு. நான் நாலு. மீதம் பூச்சியம். அது அம்மாவுக்கு."

கறிபாப் மேசைக்கு இறங்கியது.

"எ… எவ சொன்னா உனக்கு இப்படிப் பிரிக்கச் சொல்லி?"

"நீங்கதாம்பா. சனிக்கிழமை சனிக்கிழமை டுரியானைப் பொளந்து இப்படித்தானே வைப்பீங்க. வச்சு முடிச்சதும், 'எல்லாருக்கும் சமமாப் பிரிச்சாச்சு, யாரும் சண்டை போடக் கூடாது'ன்னு சொல்வீங்கல்ல?"

தம்புசாமி சுற்றிலும் பார்த்தார். பதினோரு ஆசிரியர்கள் அவசர அவசரமாக ஏதோ எழுதிக்கொண்டிருந்தார்கள்.

"அது வந்து டீச்சர்… இவங்க அம்மாவுக்கு டுரியான் பிடிக்காது. ஒடம்புக்குச் சூடுன்னு அவளே சொல்லுவா. பதினாலு வருஷமா அப்படித்தான்."

"பிடிக்கும்பா," என்றாள் விஷ்ணுப்ரியா. "நீங்க தின்னுட்டுப் போட்ட கொட்டையை எல்லாம் குசினிக்கு எடுத்துட்டுப் போய், அம்மா ஒண்ணொண்ணா சப்பிக்கிட்டு இருப்பாங்க."

பதினாலு வருஷமாக டுரியான்காரனிடம் மல்லுக்கட்டி வாங்கிய தம்புசாமிக்கு, வாங்கி வந்த பழம் எங்கே போகிறது என்று ஒரு நாளும் தோன்றியதில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு, யாரும் சொல்லாமலே உட்கார்ந்தார்.

"டீச்சர்," என்றார். அந்தக் குரல் பக்கத்து மேசைக்குக்கூடக் கேட்கவில்லை. "இந்த மார்க்குக்கு வேற வழியே இல்லீங்களா?"

"திங்கக்கிழமை இன்னொரு தேர்வு வைக்கிறேங்க ஐயா. அதே மாதிரிக் கேள்விதான் வரும்."

விஷ்ணுப்ரியா கண்ணைத் துடைத்துக்கொண்டு அப்பாவின் சட்டைக் கையைப் பிடித்து இழுத்தாள்.

"அப்பா, நாளைக்குச் சனிக்கிழமை. இந்தத் தடவையாவது அம்மாவுக்கு அஞ்சு சுளை வைங்கப்பா. இல்லேன்னா திங்கக்கிழமையும் எனக்கு ஃபெயில்தான்!"