நீள இறக்கம்

பனியில் சறுக்க வருகிறவர்களைக் கம்பியில் தொங்கும் கதிரைகளில் ஏற்றி மலை உச்சிக்கு அனுப்புவது என் வேலை. நான் ஒருநாளும் ஏறினதில்லை. ஹோட்டலில் அறை கூட்டும் என் மனைவி வதனா எப்படியோ சறுக்கப் பழகிவிட்டாள். இன்றைக்குத்தான் முதல்தடவையாக, ஓரளவு பழகினவர்களுக்கான நீள இறக்கத்தில் வருகிறாள். அவளோடு ஏறினவர்கள் எல்லாரும் வந்தாயிற்று. போன் எடுத்தேன்.

“விழுந்திட்டீரோ?”

“இல்லையப்பா. பாதிவழியில நிண்டு பாத்துக்கொண்டிருக்கிறன்.”

“என்னத்தை?”

“சொல்லத் தெரியேல்லை. வந்து பாருங்கோவன்.”

“எனக்குச் சறுக்கத் தெரியாதெல்லோ!”

“நடந்து இறங்கலாம். கால் இருக்குத்தானே?”

“இடத்தைவிட்டு அசைஞ்சா சீட்டுக் கிழிஞ்சிடும்.”

“அப்ப நிண்டுகொண்டே இருங்கோ.”

போனை வைத்துவிட்டாள். மூடுகிற நேரம். கடைசிக் கதிரை காலியாக வந்து, என் முழங்காலுக்குப் பின்னால் மெல்லத் தட்டியது. அதில் ஏறி இருந்துவிட்டேன்.