எடுத்துவிட்ட புள்ளி

புள்ளியியல் சங்கத்துக் கூட்ட அறையில் விளக்கை அணைத்திருக்கிறார்கள். சுகாதாரம் பற்றிப் பேச வந்தவரின் திரையில், தெருவுக்கு ஒரு புள்ளியாக வயிற்றுப்போக்குக் கணக்கு, சாய்ந்த ஒரு கோட்டை ஒட்டிச் சமர்த்தாக நிற்கிறது. வீடு வீடாக ஏறி இறங்கிக் கணக்கெடுத்த செவிலி, கடைசி நாற்காலியிலிருந்து தன் தெருவைத் தேடுகிறாள். காணோம். "ஒரு தெரு மட்டும் எங்கேயோ உச்சியில இருந்துச்சு. தப்பா எழுதியிருப்பாங்கன்னு எடுத்துட்டோம். இப்ப கோடு எவ்ளோ அழகா இருக்கு!" என்கிறார் அவர். கைதட்டுகிறார்கள். அவள் எழுந்துவிடுகிறாள். "தப்பில்லீங்க ஐயா, அந்தத் தெருவுல முப்பத்தொன்பது பேரு. இந்தப் படத்தைப் பார்த்துத்தானே சாக்கடை கலக்குற குடிதண்ணிக் குழாயை மாத்துவாங்க?" "கேள்வியெல்லாம் கடைசியில கேளுங்கம்மா." "கடைசியிலயா? அதுல ஒரு கைக்குழந்தை நேத்தே போயிடுச்சுங்க." அவர் திரையில் சுட்டிக்காட்டும் லேசர் விளக்கின் சிவப்புப் பொட்டு, அவள் தெரு இருந்திருக்க வேண்டிய வெற்றிடத்தில் நடுங்கிக்கொண்டு நிற்கிறது.