ஓட்டை போடாமல்

மெக்கானிக் ஸ்டீபன் டிரில்லைத் தூக்கியதுமே, நவநீதன் தன் சிவப்பு ஸ்போர்ட்ஸ் காருக்குக் குறுக்கே போய் நின்றுகொண்டான். "முன்னாடி நம்பர் பிளேட் இல்லாம ரோட்டுல விடமாட்டாங்க," என்றார் ஸ்டீபன். "மாட்டுங்க. பம்பர்ல ஓட்டை மட்டும் போடாதீங்க." கார் நின்றுபோனால் கயிறு கட்டி இழுப்பதற்கென்று பம்பரில் ஏற்கெனவே ஒரு துளை இருந்தது. ஸ்டீபன் அதன் மூடியைக் கழற்றி, ஒரு கம்பியைத் திருகி பிளேட்டை மாட்டினார். அது மூக்குத்திபோல ஓரமாக நின்றது. நவநீதன் பம்பரைத் தடவிக்கொடுத்தான்.

மறுநாள் அதே காரில் குலதெய்வக் கோயிலுக்குப் போனான். அக்கா மகளுக்குக் காதுகுத்து; தாய்மாமன் மடியில் வைத்துத்தான் குத்துவார்கள். மொட்டைத் தலையில் சந்தனம் மணக்க, குழந்தை அவன் சட்டைப் பொத்தானைச் சப்பிக்கொண்டிருந்தது. ஆசாரியின் ஊசி கிட்டே வந்தது. நவநீதனின் உள்ளங்கை அவனைக் கேட்காமலே அந்தக் காதைப் பொத்திக்கொண்டது.

"கையை எடுங்க தம்பி."

"ஏனுங்க ஆசாரி," என்றான். "ஓட்டை போடாம மாட்ட ஏதாச்சும் வழி இருக்குங்களா?"

கூட்டமே சிரித்தது. ஏதோ விளையாட்டு என்று நினைத்த குழந்தை, எச்சில் ஈரம் காயாத கையை நீட்டி அவன் காதைப் பொத்தியது.